டீக்காரன்கிட்ட நான் பேசினது உருது

நீங்க இப்ப டீக்காரன்கிட்ட பேசினீங்களே, அது ஹிந்தி. அதுக்கு அப்பறம் நான் பேசினேன் பாருங்க, அது உருது. வித்தியாசம் தெரிஞ்சுதாம்மா? தெரிஞ்சிருக்காது. உங்க மேல தப்பு இல்ல, காது பழகணும். அந்த டீக்காரனுக்கே தெரியல, ரெண்டு பேருக்கும் ஒரே டீயை ஊத்திக் குடுத்துட்டுப் போறான். நீங்க "பையா, ஏக் சாய்"னீங்க. நான் "மியான், ஏக் சாய்"னேன். எவ்ளோ மரியாதை பாருங்க அதுல! அவன் இன்னாடான்னா உங்களுக்குத்தான் முதல்ல ஊத்தறான்.

வீட்டுக்காரரு ஜான்சில மிலிட்டரியா? அதான் ஹிந்தி வருது. சொந்த ஊரு கோவில்பட்டியா. அதானே பாத்தேன், உங்க தமிழ் ஒரு மாதிரி இழுத்துக்கினு போவுது. தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பக்கத்து ஆளுங்க பேசினா எனக்குப் பாதிதான் புரியும். நான் ஆம்பூர். ஷம்ஷாத் பேகம்னு கேட்டா எங்க மொஹல்லாவுல யாரு வேணாலும் வீட்டைக் காட்டுவாங்க. எங்க வீட்ல உருது. தலைமுறை தலைமுறையா உருது. தமிழ் இருக்குது, இல்லன்னு சொல்லல. காய்கறிக்காரனுக்கு, கரண்டு ஆபீசுக்கு, பஸ் கண்டக்டருக்கு. இங்கிலீஷ் டாக்டருக்கு. எதை எங்க வெக்கணுமோ அங்க வெக்கணும். செருப்பை வாசல்ல விடறோம், தண்ணிக் குடத்தை உள்ள வெக்கறோம், அந்த மாதிரி.

மேல படுத்துக்கினு இருக்கறது எங்க வீட்டுக்காரர். தோல் மண்டி வெச்சிருக்காரு. மூஞ்சி மேல கர்சீப்பைப் போட்டுக்கினு எவ்ளோ நிம்மதியா தூங்கறாரு பாருங்க. காலைல ஏறிப் படுத்தவரு டீக்குக் கூட இறங்கல. கான்பூர்ல எனக்கு நடந்த அவமானத்துக்கு வேற ஒருத்தரா இருந்தா தூக்கம் வருமா? இவருக்கு வருது. கொடுத்து வெச்ச மனுஷன்.

கான்பூருக்கு எதுக்குப் போனோம்னு கேக்கறீங்களா? பையனுக்குப் பொண்ணு பாக்க. ஆம்பூர்ல இருந்து அவ்ளோ தூரமான்னு வாயைப் பொளக்காதீங்க. தோல் வியாபாரத்துல கான்பூரும் ஆம்பூரும் அக்கம்பக்கம் மாதிரிதான். சரக்கு போவும், வரும். சரக்கு போவற எடத்துல இருந்து ஒரு பொண்ணு வரக் கூடாதா? அதோட எனக்கு ஒரு ஆசை. நல்ல உருது பேசற பொண்ணு வேணும். அசல் உருது. அந்தக் காலத்து நவாபு வீட்டு உருது. நாங்க பேசறதும் உருதுதான். ஆனா எங்க ஊர்ல இத்தனை வருசமா தமிழு, தெலுங்கு எல்லாம் கூடவே குடியிருக்குதா, கொஞ்சம் கலந்துடுச்சு. "வேணாம்"னு சொல்ல நாங்க "நக்கோ"ன்னு சொல்லுவோம். "ஆமா"ன்னா "ஹவ்". அவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க. சரி, வர்ற மருமவளாவது சுத்தமா பேசட்டும், பேரப்பிள்ளைங்க அதைக் கேட்டு வளரட்டும்னு நெனச்சேன். பேராசையா இது?

பையன் பேரு தன்வீர். ஷூ கம்பெனில சூப்பர்வைசர். நான் பெத்ததுன்னு சொல்லல, தங்கம். ஒரே ஒரு கெட்ட பழக்கம், கம்பெனில ஒரு பொண்ணைப் பாத்துட்டான்.

பொண்ணு முஸ்லிம்தான். அதுல ஒரு குறையும் இல்ல. நல்ல குடும்பம், அப்பா ஜவுளிக்கடை வெச்சிருக்காரு. பொண்ணும் படிச்சது, ஷூவுக்கு டிசைன் போடற வேலை. மூக்கும் முழியுமா லட்சணமாத்தான் இருக்குது. பின்ன இன்னாங்கறீங்களா? ஊரு கடையநல்லூரு. தெரியுமா, உங்க பக்கம்தானே? அவங்க வீட்ல தமிழு. காலைல எழுந்தா தமிழு, சண்டை போட்டா தமிழு, கனவு கண்டாலும் தமிழாத்தான் இருக்கும். பேரு செய்யதலி பாத்திமா. பேரைக் கேட்டா அல்லாகிட்ட இருந்து வந்த மாதிரி இருக்குது, வாயைத் திறந்தா "ஏளா, வாளா"ன்னு வருது.

நான் தன்வீர்கிட்ட ஒரே வார்த்தைல சொல்லிட்டேன். "பேட்டா, உருது இல்லாத பொண்ணு இந்த வீட்டு வாசல்படி ஏறக் கூடாது." அவன் "அம்மி, அவளும் அதே அஞ்சு வேளைதான் தொழறா, அதே நோன்புதான் வெக்கறா"ங்கறான். தொழுகை வேற, வீடு வேற இல்லையா? தொழுகைல அல்லாகிட்ட பேசறோம், அவனுக்கு எல்லா பாஷையும் தெரியும். வீட்ல என்கிட்ட பேசணுமே.

போன பெருநாளுக்கு இன்னா ஆச்சு தெரியுமா, சிரிச்சு சிரிச்சு எங்களுக்கு வயிறே புண்ணாயிடுச்சு. வீட்ல என் அக்கா, தங்கச்சிங்க, நாத்தனாரு, எல்லாம் கூடம் நெறைய உக்காந்துக்கினு இருக்கறோம். தன்வீர் அந்தப் பொண்ணை இட்டுக்கினு வந்து நிறுத்தறான், கம்பெனில கூட வேலை செய்யறவங்கன்னு. பொண்ணு முக்காடு போட்டுக்கினு, கையில பிஸ்கட் டப்பா வெச்சுக்கினு, நின்ன எடத்துல இருந்தே உருதுல பேச ஆரம்பிச்சுது. போன்ல பாத்துக் கத்துக்கிச்சாம். ரேடியோல நியூஸ் படிப்பாங்களே, அப்படியே! "மரியாதைக்குரிய அம்மையார் அவர்களே, தங்களுக்குப் பெருநாள் வாழ்த்துக்களைச் சமர்ப்பிப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்"னு தமிழ்ல சொன்னா எப்படி இருக்கும்? அதை உருதுல சொல்லுது, அதுவும் உங்க ஊர் இழுப்போட. யாரும்மா அப்படிப் பேசறா? எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. நான் சிரிச்சேனா, அக்கா சிரிச்சாங்க, அக்கா சிரிச்சா நாத்தனாரு விடுவாளா? அவ எழுந்து நின்னு அதே மாதிரி பேசியே காட்டிட்டா. தங்கச்சிக்குப் பொறையேறி சேமியா பாயசம் மூக்குல வந்துடுச்சு.

அப்பறம் உக்கார வெச்சு டீ குடுத்தோம். அந்தப் பொண்ணு டீ கிளாசை சத்தம் வராம கீழ வெச்சுது. "நான் இன்னும் கத்துக்கிட்டுத்தான் இருக்கேன் மாமி, போகப் போக வந்துரும்"னு தமிழ்ல சொல்லிட்டு எழுந்து போயிடுச்சு. மாமியாம்! நான் ஒரு கெட்ட வார்த்தை சொல்லலம்மா. போன்னு சொல்லல. சிரிச்சேன், அவ்ளோதான். பெருநாள் அன்னிக்கு சிரிக்காம அழவா செய்வாங்க?

அதுல இருந்து தன்வீர் என்கூட சரியா பேசறதில்ல. சோறு வெச்சா தின்னுவான், கேட்டா "ஹவ்" இல்லன்னா "நக்கோ". நான் இவரைப் புடிச்சு உலுக்கி, கான்பூர்ல தெரிஞ்ச ஏஜென்ட் மூலமா எடம் பாத்து, டிக்கெட் போட்டு, கிளம்பறப்போ தன்வீர்கிட்ட போயி சொன்னேன். "இதோ பாரு, உன் நல்லதுக்குத்தான் போறேன்." அவன் இன்னா சொன்னான் தெரியுமா? "போயிட்டு வாங்க அம்மி. நீங்க வர்றதுக்குள்ள நான் எல்லாத்தையும் ரெடி பண்ணி வெக்கறேன்"னான். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. வீட்டுக்கு வெள்ளை அடிக்கப் போறான், பாவம்.

சரி, கான்பூருக்கு வருவோம். வீடா அது, மஹாலு. நிகத் பேகம்னு பொண்ணோட அம்மா. கான் சாப்னு அப்பா, தலைல ஒரு முடி இல்ல, ஆனா நல்ல களை. பொண்ணு பேரு அலீஷா. என்னைப் பாத்ததும் "ஹாய் ஆன்ட்டி"ன்னுது. நான் சலாம் சொல்ல வாயைத் திறந்தவ அப்படியே நின்னுட்டேன். பரவால்ல, சின்னப் பொண்ணு. அப்பறம் கேக்கறேன், அம்மாகிட்ட பேசுது. "மம்மி, ப்ளீஸ், மேரா மூட் ஆஃப் ஹை, டோன்ட் டிஸ்டர்ப் கரோ." நவாபு வீட்டு உருதும்மா இது! இதைக் கேக்கத்தான் ரெண்டு நாள் ரயில்ல உக்காந்து முதுகை ஒடிச்சுக்கினு போனேன்.

அந்த ஊரே அப்படித்தான். ஆட்டோக்காரன் நெத்தில திலகம் வெச்சிருக்கறான், "மேடம், இந்தஸார் கீஜியே, டிராபிக் ஜாம் ஹை"ங்கறான். கொஞ்சம் காத்திருங்கன்னு அர்த்தம். இந்தஸாரு எங்க வார்த்தை. கேட்டா ஹிந்திங்கறான். ஒரே வார்த்தைதாம்மா. தாடி வெச்சவர் சொன்னா உருது, திலகம் வெச்சவர் சொன்னா ஹிந்தி, கூலிங் கிளாஸ் போட்ட பொண்ணு அதையே மூக்கால சொன்னா இங்கிலீஷ். எங்க ஊர் கம்பெனிக்கு பீகார்ல இருந்து வந்து வேலை செய்யற பசங்க பேசறது எனக்கு நல்லாப் புரியும். ஆனா புரியற மாதிரி காட்டிக்க மாட்டேன். நம்ம தரம் ஒண்ணு இருக்குது இல்ல?

நான் ஊர்ல இருந்து மக்கன் பேடா வாங்கிக்கினு போயிருந்தேன். ஆற்காடு பேடா, நெய்யில குளிச்சிருக்கும். நெய் வழியக் கூடாதுன்னு டப்பாவுக்குள்ள பேப்பர் விரிச்சிருந்தேன். எங்க வீட்ல உருது பேப்பர்தான் வரும், மெட்ராஸ்ல இருந்து. நான் உருது ஸ்கூல்ல படிச்சவ, எழுத்து மணி மணியா படிப்பேன், காலைல அதைப் படிக்காம எனக்கு டீ இறங்காது. அந்தப் பேப்பர்ல ஒண்ணைக் கிழிச்சு விரிச்சிருந்தேன்.

நிகத் பேகம் டப்பாவைத் திறந்தாங்க. பேடாவை எடுத்துத் தட்டுல வெச்சாங்க. அடியில பேப்பரைப் பாத்தாங்க. "அல்லா!"ன்னு ஒரு சத்தம். நான் எறும்பு கிறும்பு வந்துடுச்சோன்னு பதறிட்டேன். அந்தம்மா இன்னா செஞ்சாங்க தெரியுமா? துப்பட்டாவைத் தலைக்கு இழுத்து விட்டுக்கினு, அந்தப் பேப்பரை ரெண்டு கையாலயும் எடுத்து, கண்ணுல ஒத்திக்கினு, முத்தம் குடுத்து, நெய்யைத் துணியால தொடைச்சு, அலமாரி மேல, எல்லாத்துக்கும் மேல, பத்திரமா வெச்சாங்க. வெச்சுட்டு என்னைப் பாத்த பார்வை இருக்குதே! திங்கற பண்டத்துக்கு அடியில இதையா விரிப்பாங்கன்னு.

எனக்கு ஒரு நிமிசம் ஒண்ணும் புரியல. அப்பறம்தான் புரிஞ்சுது. அந்த வீட்ல ஒருத்தருக்கும் உருது படிக்கத் தெரியாது! பேசறதோட சரி. எழுதணும்னா ஹிந்தி எழுத்து, இல்ல ஏபிசிடி. குர்ஆன் ஓதுவாங்க, அது அரபி. அந்த எழுத்து மாதிரி எது இருந்தாலும் அது ஆயத்துன்னு நெனச்சுக்கினாங்க. வேதவாக்குன்னு முத்தம் குடுத்து அலமாரி மேல வெச்சிருக்கறது இன்னா தெரியுமா? வழுக்கைத் தலைல முடி முளைக்கற தைலத்துக்கு விளம்பரம்.

விருந்தாளியா போன எடம். படிக்கத் தெரியாதது பாவமான்னு உட்டுட்டேன். ஆனா மனசுக்குள்ள சிரிச்சேன். எழுத்து தெரியாம, எது வந்தாலும் கண்ணுல ஒத்திக்கறதாம்! எங்க ஊர்ல அந்த மாதிரி யாரும் இல்லம்மா.

அப்பறம் டீ வந்துச்சு. நிகத் பேகம் இன்னும் ஒரு சமோசா எடுத்துக்கங்கன்னாங்க. நான் எவ்ளோ ஜாக்கிரதையா பேசிக்கினு வந்தேன் தெரியுமா, ஒவ்வொரு வார்த்தையா பாத்துப் பாத்து. சமோசாவைப் பாத்ததும் வாய் தவறிடுச்சு. "நக்கோ"ன்னுட்டேன்.

அலீஷா சட்டுனு தலையைத் தூக்குது. "ஆன்ட்டி, இன்னா சொன்னீங்க? ப்ளீஸ், இன்னொரு தடவ." நான் சொன்னேன். அது பக்கத்து ரூம்ல இருந்து சித்தப்பா பொண்ணுங்களை எல்லாம் கூப்பிடுது. "ஆன்ட்டி, சோ கியூட், ஒன்ஸ் மோர்"ங்கறாங்க. போனை எடுத்து வீடியோ புடிக்கறாங்க. நமக்கு இன்னா தெரியும்? நம்ம பாஷையை ரசிக்கறாங்கன்னு நெனச்சேன். நானும் "ஹவ்" சொன்னேன், "ஏன்"ங்கறதுக்கு எங்க "கைக்கு" சொன்னேன், கேட்டதெல்லாம் சொன்னேன். எங்க நாத்தனாரைத் திட்டற வார்த்தை ஒண்ணு உண்டு, அதைக் கூட சொல்லிக் காமிச்சேன். இவரு என் முழங்கையை இடிச்சாரு. நான் விடல.

கை கழுவ உள்ள போனேன். சமையல்கட்டுல நிகத் பேகம் குரல். நாக்கை மடிச்சு, தோளைக் குலுக்கி, என்னை மாதிரியே பேசிக் காட்டிக்கினு இருக்காங்க. "நக்கோ ஜி நக்கோ"ன்னு. வேலைக்காரம்மா உள்பட எல்லாம் சுவத்தைப் புடிச்சுக்கினு சிரிக்கறாங்க. ஒருத்தி சொல்றா, "இது உருதுவே இல்ல, சினிமால காமெடியன் பேசறது."

கையைக் கழுவாமயே திரும்பிட்டேம்மா. எங்க அம்மா பேசின பாஷை அது. எங்க அம்மா என்னைத் தாலாட்டினது அதுல. வந்து உக்காந்தேன். டீ கப்பை சத்தம் வராம கீழ வெச்சேன். டீல சக்கரை கம்மி, அதான், வேற ஒண்ணும் இல்ல.

அப்பறம் நான் சும்மா இருப்பேனா? "பெஹன், அந்த அலமாரி மேல வெச்சீங்களே, அதைக் கொஞ்சம் எடுங்க. எல்லாரும் உக்காருங்க, ஓதிக் காட்டறேன்"னேன். அவங்க பயபக்தியா எடுத்துக் குடுத்தாங்க. பொண்ணுங்க எல்லாம் முக்காடு போட்டுக்கிச்சு. கான் சாப் கண்ணை மூடிக்கினாரு. நான் குரலை ஏத்தி இறக்கி, அழகா, நிறுத்தி நிறுத்தி படிச்சேன். "வழுக்கை விழுந்துவிட்டதா? கவலை வேண்டாம். எங்கள் தைலத்தைத் தடவிப் பாருங்கள். உங்கள் மனைவியே உங்களை அடையாளம் கண்டுகொள்ள மாட்டார்."

கான் சாப் கண்ணைத் திறந்தாரு. கை தானா தலைக்குப் போச்சு. நான் எழுந்துட்டேன். இவருதான் வாசல்ல நின்னு மன்னிப்புக் கேட்டாரு, அப்பறம் போன்ல மண்டி விசயம் பேசிக்கினு இருந்தாரு, ரொம்ப நேரம்.

ஸ்டேஷனுக்கு வர்றதுக்குள்ள ஏஜென்ட் போன் பண்ணிட்டான். சம்பந்தம் வேணாமாம். ஏன்னு கேட்டா, "பாஷை ஒத்து வராது, எங்க பொண்ணால அந்தப் பேச்சுல அட்ஜஸ்ட் பண்ண முடியாது"ன்னாங்களாம். கேட்டீங்களாம்மா? பேசற பேச்சு சரியில்லன்னு ஒரு சம்பந்தத்தை வேணாம்பாங்களா? குலம் பாத்தாங்களா? குணம் பாத்தாங்களா? பையனைப் பாத்தாங்களா? பாஷையைக் காரணம் காட்டி ஒரு குடும்பத்தை வாசல்ல நிறுத்தறதை நான் எங்கயும் கேள்விப்பட்டதில்ல. மனுஷங்க செய்யற காரியமா இது? நீங்களே சொல்லுங்க.

இன்னா ஜன்னலைப் பாக்கறீங்க? வாரங்கல் தாண்டிடுச்சு. சாயங்காலத்துக்கு மேல நம்ம பக்கம்தான்.

ஆனா ஒண்ணும்மா, அல்லா ஒரு கதவை மூடினா இன்னொண்ணைத் திறக்காம இருக்கறதில்ல. இன்னிக்குக் காலைல தன்வீர் போன்ல ஒண்ணு அனுப்பிச்சான். பெருநாளுக்கு அப்பறம் அவனா எனக்கு அனுப்பற முதல் மெசேஜு. எப்பவும் உருதுல பேசி அனுப்புவான். இந்த தடவ படமா அனுப்பியிருக்கான். தமிழ்ல இருக்குது. எனக்குத் தமிழ் படிக்க வராது. உருது ஸ்கூல்ல தமிழ் டீச்சர் வந்தா வருவாங்க, வராட்டி நாங்க சந்தோசமா நொண்டி விளையாடுவோம். பஸ்ஸை எல்லாம் கலரைப் பாத்துத்தான் ஏறுவேன். அதுக்கு இன்னா பண்றது?

ஆனா மேல பிறை போட்டிருக்குது, எழுநூத்தி எம்பத்தாறு போட்டிருக்குது, ஓரத்துல பள்ளிவாசல் மினாரா. ஏதோ பயான் நோட்டீசு, மார்க்கச் சொற்பொழிவு. நம்பர் படிப்பேன், வர்ற ஞாயித்துக்கிழமை தேதி போட்டிருக்குது. எம் பையன் திருந்திட்டான், பயானுக்குப் போக ஆரம்பிச்சுட்டான்! எனக்கு இருந்த வேதனைல அதைப் பாத்ததும் போனையே கண்ணுல ஒத்திக்கினேன். முத்தம் குடுத்தேன். உடனே எங்க குடும்ப குரூப்புல போட்டு, பேசியும் அனுப்பிட்டேன். "எல்லாரும் பிள்ளை குட்டியோட கண்டிப்பா போங்க, ஒருத்தரும் வராம இருக்கக் கூடாது, இது என் வேண்டுகோள்"னு.

இவர்கிட்டயும் காமிச்சேன். இவருக்குத் தமிழ் நல்லா வரும், மண்டில கணக்கெல்லாம் தமிழ்தான். பாத்தாரு. "நல்ல விசயம்தான்"னாரு. மேல ஏறிப் படுத்தவரு, இன்னும் இறங்கல.

குரூப்புல பாருங்க, காலைல இருந்து "முபாரக், முபாரக்"னு வாழ்த்தா வந்துக்கினே இருக்குது. ஒரு பயானுக்கு எவ்ளோ ஆர்வம் பாருங்க! என் நாத்தனாரு பேசி அனுப்பியிருக்கா, "பாபி, கான்பூர்னு எங்க எல்லாரையும் நல்லா ஏமாத்திட்டீங்களே"ன்னு. அது கிடக்குது, அவளுக்கு எப்பவும் ஒண்ணும் விளங்காது.

நீங்க தமிழ் படிச்சவங்கதானே. எந்த ஊர்ல, யாரு பேசறாங்கன்னு கொஞ்சம் படிங்க. எனக்கும் போகணும். இந்தாங்க போனு. சத்தமா படிங்க.

ம்.

நிக்காஹ்... சரி, நிக்காஹ் பத்தின பயானு போல. நல்ல தலைப்புதான். மேல படிங்க.

மணமகன் இன்னா? தன்வீர் அகமதா? எந்த தன்வீரு? ஆம்பூர்ல எத்தனையோ தன்வீரு இருக்கான். அப்பா பேரு போட்டிருக்குதா? படிங்க.

மறுபடி படிங்கம்மா.

மணமகள் பேரு சொல்ல வேணாம். தெரியும். எடம் மட்டும் சொல்லுங்க. கடையநல்லூரா. பெரிய பள்ளிவாசலா.

"தங்கள் நல்வரவை நாடும்"னா இன்னா அர்த்தம்? கூப்பிடறவங்களா? யாரு பேரு போட்டிருக்குது? ஷம்ஷாத் பேகமா. நானா? நானே கூப்பிடறேனா? காலைல வாயால வேற கூப்பிட்டுட்டேனே. பிள்ளை குட்டியோட வாங்கன்னு.

அடியில பாருங்க. மூலைல பாருங்க. எங்கயாவது உருதுல ஒரு வரி... ஒரு வரி கூட இல்லையா? நல்லா பாருங்க. எனக்குன்னு ஒரு வரி போட்டிருப்பான்.

இல்லையா.

ஏங்க! தெரியும், நீங்க தூங்கல. கால் ஆடுது. கான்பூர் வாசல்ல ரொம்ப நேரம் போன்ல பேசிக்கினு இருந்தீங்களே, தமிழ்ல, அது மண்டி விசயம்னீங்க! இறங்காதீங்க, அங்கயே இருங்க. இறங்கினா நான் அழுதுடுவேன், இவங்க முன்னாடி நான் அழ மாட்டேன்.

நீங்க தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. கண்ணுல ரயில் தூசி. ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்குது இல்ல? போகாம இருக்க முடியுமா? அழைக்கிறதே நானு. என் அக்கா, தங்கச்சிங்க, நாத்தனாரு, எல்லாம் வந்து இறங்குவாங்க. அங்க அந்தப் பொண்ணோட அம்மா இருப்பாங்க, அவங்க அக்கா தங்கச்சிங்க இருப்பாங்க, கூடம் நெறைய உக்காந்துக்கினு இருப்பாங்க. நான் உள்ள போகணும். போயி, நின்ன எடத்துல இருந்து முதல்ல நான்தான் பேசணும்.

அந்த ஊர்ல இன்னாம்மா சொல்லுவாங்க, சம்மந்தியைப் பாத்தா? நீங்க அந்தப் பக்கம்தானே. சொல்லுங்க, நான் திருப்பிச் சொல்றேன். "நல்லாருக்கியளா"வா? சும்மா "நல்லா இருக்கீங்களா"ன்னா ஆகாதா? சரி. அவங்க வீட்ல எப்படியோ அப்படியே சொல்லிடறேன்.

நல்லா... ருக்கியா... ளா.

இருங்க, இன்னொரு தடவ. நல்லாருக்கி... சிரிக்கக் கூடாது. சொல்லிட்டேன், நீங்க சிரிக்கக் கூடாது.